சிவப்பைக் கண்டால் சும்மா இராதீர்கள்!



போன இதழில் மாவடு போடும் பக்குவம் எழுதியிருந்தேன். கல் உப்பு எத்தனை படி, விளக்கெண்ணெய் எத்தனை கரண்டி என்று கேட்டு எத்தனை கடிதங்கள்! இந்தத் தடவை எழுதப் போகிற விஷயத்துக்கு அப்படிக் கடிதம் வருமோ என்னவோ, தெரியாது. கொஞ்சம் கூச்சமான சமாசாரம். சிறுநீரைப் பற்றியது. "பெண்கள் பத்திரிகையில் இதெல்லாமா எழுதுவார்கள்?" என்று முகம் சுளிக்காமல் கடைசி வரை படித்துவிடுங்கள். சுளித்துச் சுளித்துத்தான் எங்கள் வீட்டில் எட்டு மாதத்தைக் கோட்டை விட்டோம்.

எனக்கு மூத்த ஓரகத்தி ஒருவர் இருக்கிறார். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறேன். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். ஊறுகாய் ஜாடியிலிருந்து பண்டிகைப் பட்சணம் வரை இரண்டு வீட்டுக்கும் பொது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதக் காலை. அக்கா என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுக் கிசுகிசு என்று கேட்டார்.

"ஏண்டி, நேத்து பீட்ரூட் பொரியலா பண்ணினோம்?"

"இல்லியே அக்கா, கத்தரிக்காய்க் கூட்டுதானே? ஏன்?"

"ஒண்ணுமில்லே. தண்ணி கொஞ்சம் செவப்பாப் போச்சு. சூடாத்தான் இருக்கும்."

சூடு என்று சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. இளநீர் வந்தது. நீர்மோர் வந்தது. வெந்தயம் ஊறியது. நானே பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாள் சிறுநீர் தெளிவாகப் போயிற்று. "பாத்தியா, பார்லிக்குக் கேட்டுடுத்து!" என்றார் அக்கா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சிவப்பு. இந்தத் தடவை பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். "நீர்க்கடுப்பும்மா, லேடீஸுக்குச் சகஜம்" என்று சிறுநீர்ச் சோதனைக்கு எழுதினார்கள். ஐந்து நாள் மாத்திரையும் கொடுத்தார்கள். சாயங்காலம் போய்ச் சோதனைச் சீட்டை வாங்கி வந்தவள் நான்தான். சர்க்கரை 'இல்லை' என்று போட்டிருந்ததைப் பார்த்து நிம்மதியாகச் சீட்டை நாலாக மடித்து மளிகைக் கணக்கு நோட்டுக்குள் செருகினேன். மாத்திரை முடிவதற்குள் சிவப்பும் நின்றுவிட்டது. சீட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் காட்டவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. இப்போது நூல் நூலாக இரத்தக் கட்டியும் சேர்ந்து போயிற்று. இடது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி வேறு. பயந்துபோய் வேறு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

"முன்னாடி சிவப்பாப் போனப்போ எரிச்சல் இருந்ததா? ஜுரம்? அடிக்கடி போகணும்னு அவஸ்தை?"

"ஒண்ணுமே இல்லீங்க. செவப்பாப் போகும், தானா நின்னுடும்" என்றார் அக்கா.

"கடுப்பே இல்லாததுக்கு நீர்க்கடுப்புன்னு பேர் வெச்சீங்களாக்கும். பழைய சீட்டு ஏதாவது இருக்கா?"

மளிகை நோட்டு என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா சர்க்கரையைப் பார்க்கவில்லை. இன்னும் கீழே போய் ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டார். சீழ் அணுக்கள் இரண்டு, மூன்று. அது பரவாயில்லை. அதற்கு அடுத்த வரியில், 'ஆர்.பி.சி. 15 முதல் 20' என்றிருந்தது. ஆர்.பி.சி. என்றால் இரத்தச் சிவப்பணுக்கள். கிருமி இருந்தால் சீழ் அணுக்கள் எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். இங்கே சீழ் இல்லை. இரத்தம் மட்டும் இருக்கிறது. ஆறு மாதமாக அந்தச் சீட்டு துவரம் பருப்புக்கும் புளிக்கும் நடுவே உட்கார்ந்து கொண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

அன்று மாலையே வயிற்று ஸ்கேன். இடது சிறுநீரகத்தில் 6 சென்டிமீட்டர் கட்டி. பிறகு சி.டி. ஸ்கேன், பிறகு ஆப்பரேஷன். அந்தச் சிறுநீரகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, கட்டி வெளியே பரவியிருக்கவில்லை. இன்று அக்கா கீழ் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இதை எழுதுவதும் அவர் சம்மதத்தோடுதான்.

அக்கா கேட்ட கேள்வி

இப்போது இதை எழுதக் காரணம், சென்ற மாதம் அக்காவின் பேத்தி கைபேசியில் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். சிறுநீரைச் சோதித்தே சிறுநீரகப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏண்டி, அந்தச் சோதனையை அப்பவே எடுத்திருந்தா என் கிட்னி தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்ட படிப்பு என்னுடையது. ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை செக்-அப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். பொறுமையாக அரைமணி நேரம் விளக்கினார். வீட்டுக்கு வந்து நானும் தேடித் தேடிப் படித்தேன். புரிந்ததை நம் பாஷையில் சொல்கிறேன்.

சிறுநீரைப் பார்த்து நோயைச் சொல்வது புது வித்தை ஒன்றும் இல்லை. நம் சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரண்டு சோதனைகள் உண்டு. நிறம், மணம், நுரை, எடை பார்ப்பது நீர்க்குறி. சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது எப்படிப் பரவுகிறது என்று பார்த்து வாதமா பித்தமா கபமா என்று சொல்வது நெய்க்குறி. தேரையர் பெயரால் வழங்கி வரும் முறை இது. ஐரோப்பாவிலும் பழைய காலத்து வைத்தியர்கள் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் நோயைச் சொல்வார்களாம்.

நம் அம்மா காலத்தில் சர்க்கரைக்குச் செய்த சோதனை சிலருக்கு ஞாபகம் இருக்கும். பரிசோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசலை விட்டு, எட்டுச் சொட்டு சிறுநீர் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சர்க்கரை ஜாஸ்தி.

புற்றுநோய்க்கும் சிறுநீர்ச் சோதனை உண்டு. கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்குப் பெயர் போன டாக்டர் பாப்பனிகோலாவ் 1945-லேயே சிறுநீரில் உதிர்ந்து வரும் அணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அது முக்கியமாகச் சிறுநீர்ப்பைக்குத்தான் பயன்படுகிறது. பையின் உட்சுவரில் வரும் கட்டி சிறுநீரில் நேராக நனைந்துகொண்டே இருப்பதால் அணுக்கள் உதிர்ந்து வரும். சிறுநீரகக் கட்டியோ சதைக்குள்ளே வளர்கிறது. அணுக்கள் அவ்வளவாக உதிர்வதில்லை. அதனால்தான் இதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்த இரண்டு புரதங்கள்

செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே டாக்டர் இவான் கராஷ், டாக்டர் ஜெரமையா மோரிஸி ஆகியோர் சிறுநீரில் இரண்டு புரதங்களைத் தேடினார்கள்.

ஒன்றின் பெயர் அக்வாபோரின்-1. உயிரணுவுக்குள் தண்ணீர் போய் வருவதற்கான குழாய் இது. இந்தத் தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரே என்பவருக்கு 2003-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே போகிறது. மற்றதெல்லாம் திரும்ப உடம்புக்குள் இழுக்கப்படுகிறது. அப்படி இழுக்கும் நுண்குழாய் அணுக்களில் இந்தப் புரதம் நிறைய இருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பாலானவை பிறப்பதும் இதே நுண்குழாய் அணுக்களில்தான்.

இரண்டாவது பெரிலிபின்-2. அணுவுக்குள் இருக்கும் கொழுப்புத் துளியைச் சுற்றிப் போர்வை போல இருப்பது. சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையில் அணுக்களுக்குள் கொழுப்பு நிறையச் சேருமாம்.

இந்த நோய் உள்ளவர்களின் சிறுநீரில் இரண்டு புரதங்களும் அதிகமாக இருந்தன. கட்டியை எடுத்த பிறகு பெருமளவு இறங்கிவிட்டன. இதை 2010-ல் வெளியிட்டார்கள். பிறகு, வேறு காரணத்துக்காக வயிற்று சி.டி. ஸ்கேனுக்கு வந்த 720 பேருடைய சிறுநீரையும் சோதித்து 2015-ல் முடிவைச் சொன்னார்கள். அதில் 3 பேருக்கு மட்டும் புரத அளவு உயர்ந்திருந்தது. அவர்களில் இரண்டு பேருக்குச் சிறுநீரகத்தில் கட்டி இருந்தது ஸ்கேனிலும் தெரிந்தது.

"அப்போ நம்ம ஊர்ல எப்போம்மா வரும்?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"அங்கேயே இன்னும் எல்லாருக்கும் வரலையே" என்றார் டாக்டரம்மா. ஆராய்ச்சியில் நன்றாக இருந்ததெல்லாம் லேபரட்டரிக்கு வந்துவிடுவதில்லை. சிறுநீரகப் புற்றுநோயில் வேறு வகைகளும் உண்டு. அவற்றில் இந்தப் புரதங்கள் உயர்வதில்லை. ஆகவே, 'இந்தச் சிறுநீர்ச் சோதனை ஒன்று போதும், சிறுநீரகப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இன்றைய தேதியில் டாக்டர்கள் வழக்கமாக எழுதிக் கொடுக்கும்படி அப்படி ஒரு சோதனை கிடையாது.

எல்லோருக்கும் சோதித்தால் என்ன?

"இருந்தாலும் நல்லதுதானேம்மா, எல்லாருக்கும் ஒரு தடவை பாத்துட்டா என்ன நஷ்டம்?" என்று விடாமல் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன கணக்கு என்னை யோசிக்க வைத்தது.

பேச்சுக்கு, 10,000 பேரைச் சோதிக்கிறோம், அதில் 10 பேருக்குத்தான் இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். சோதனை 100-க்கு 95 சரியாகச் சொல்லும், 5 தப்பாகும். கேட்பதற்குப் பிரமாதமான சோதனைதான். ஆனால் நோயே இல்லாத 9,990 பேரில் 100-க்கு 5 என்றால் சுமார் 500 பேருக்கு 'உனக்கு இருக்கலாம்' என்று சீட்டு வரும். 10 பேரைப் பிடிக்க 500 வீடுகளில் அழுகை. அத்தனை பேருக்கும் ஸ்கேன், அலைச்சல், செலவு. இன்னொன்றும் உண்டு. சின்னச் சின்னக் கட்டி என்று எடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்லாத சாதுக் கட்டியாக இருந்துவிடுகிறதாம்.

இதற்கு ஜப்பானில் நடந்த ஒரு நிஜக் கதையையும் சொன்னார். நாமெல்லாம் தாய்மார்களாயிற்றே, எனக்கு மனசைப் பிசைந்துவிட்டது.

குழந்தைகளுக்கு நரம்பணுக்களில் வரும் நியூரோபிளாஸ்டோமா என்று ஒரு புற்றுநோய் உண்டு. பெரும்பாலும் சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும். அது இருந்தால் சிறுநீரில் சில ரசாயனங்கள் கூடும். சரி, ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீரைச் சோதித்துவிடுவோம் என்று 1980-களின் நடுவில் நாடு முழுவதும் ஆரம்பித்தார்கள். தாய்மார்கள் குழந்தையின் சிறுநீரைக் காகிதத்தில் ஒற்றித் தபாலில் அனுப்புவார்கள். கட்டிகள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஜெர்மனியிலும் இதே மாதிரி சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகள் 2002-ல் வெளியாயின. கட்டிகள் அதிகம் அகப்பட்டனவே தவிர, அந்த நோயால் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. அகப்பட்டவற்றில் பல தானாகவே கரைந்து போகக்கூடிய சாதுக் கட்டிகள். பொல்லாத கட்டிகள் பிறகு வேகமாக வந்து இந்தச் சோதனைக்குத் தப்பிவிட்டன. தேவையே இல்லாமல் எத்தனையோ பச்சைக் குழந்தைகளுக்கு ஆப்பரேஷனும் கடுமையான மருந்தும்! ஜப்பான் 2004-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதான். ஆனால் கண்டுபிடித்ததால் யாருக்காவது ஆயுள் கூடியதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

அப்படியானால் நமக்கு எது?

அக்கா கேட்ட கேள்விக்கு டாக்டரம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"அமெரிக்காச் சோதனை இல்லாததால உங்க அக்கா கிட்னி போகலை. நம்ம ஊர்ல சாதாரணமா எடுக்கற சோதனையே சொல்லுச்சு. அதை யாரும் படிக்கலை. அப்பவே ஸ்கேன் பண்ணியிருந்தா கட்டி சின்னதா இருந்திருக்கலாம். 4 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்துட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாத்தப் பார்ப்போம்."

'இருந்திருக்கலாம்' என்றுதான் சொன்னார். நிச்சயம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும், இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்க.

சிறுநீரகத்துக்குள்ளேயே கட்டி இருக்கும்போது கண்டுபிடித்தவர்களில் 10 பேருக்கு 9 பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் அது 4-ல் ஒருவருக்கும் குறைவு. இப்போது புது மருந்துகள் வந்திருக்கின்றன என்றாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கட்டி எல்லாமே இரத்தம் காட்டுவதில்லை. இரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது இந்நாளில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. பாதிக்கு மேல், பித்தப்பைக் கல்லுக்கோ வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத்தான் அகப்படுகின்றன. அதனால் சிறுநீர் நன்றாக இருக்கிறது என்றால் சிறுநீரகத்தில் கட்டியே இல்லை என்று அர்த்தம் அல்ல. ஆனால் சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

பயந்துவிடாதீர்கள். இரத்தம் என்றாலே புற்றுநோய் இல்லை. கல், கிருமி, சிறுநீரக அழற்சி, ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கம் என்று காரணங்கள் நிறைய. பீட்ரூட்டால் சிலருக்குச் சிவப்பாகப் போகும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையால் ஆரஞ்சாகப் போகும். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். எது என்று தீர்மானிக்க வேண்டியது டாக்டர். நீங்களும் நானும் அல்ல, பார்லிக் கஞ்சியும் அல்ல.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

முதலாவது: வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிவப்பாகவோ டீ டிக்காக்ஷன் நிறத்திலோ போனாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். "மறுநாள் நின்னுடுச்சே" என்பது ஆறுதல் அல்ல. விட்டு விட்டு வருவதுதான் இதன் குணமே.

இரண்டாவது: நம் விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. ஆண்களுக்குச் சிவப்பாகப் போனால் உடனே பெரிய சோதனை செய்கிறார்கள். பெண்களுக்கு என்றால் நீர்க்கடுப்பு என்றும், தீட்டு என்றும், மாதவிடாய் நிற்கிற வயசு என்றும் மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மேல்நாடுகளிலும் இதே கதைதானாம். ஆகவே கிருமிக்கு மாத்திரை சாப்பிட்டு முடித்ததும், "சிறுநீரை மறுபடியும் சோதித்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கிருமி போயும் இரத்தம் இருந்தால் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு சிவப்பு கண்டால் அது எந்த வழியாக வந்தாலும் தள்ளிப்போடவே கூடாது.

மூன்றாவது: சோதனைக்குக் கொடுக்கும் முறை. அலம்பிய ஷாம்பு பாட்டில், தைலக் குப்பி எல்லாம் வேண்டாம். லேபரட்டரியில் கொடுக்கும் வாயகன்ற டப்பாவே நல்லது. சுத்தமாகக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு கொடுத்துவிடுங்கள். மாதவிலக்கு நாட்களாக இருந்தால் சொல்லிவிட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நான்காவது: சீட்டைப் படியுங்கள். சர்க்கரை, அல்புமின் இரண்டோடு நிறுத்தாதீர்கள். கீழே ஆர்.பி.சி. என்று ஒரு வரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக் களத்தில் 3 அல்லது அதற்கு மேல் என்றால் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் என்று கணக்கு. அதைக் கண்டதும் அழ வேண்டாம். அந்த வரியை டாக்டரிடம் விரலால் காட்டுங்கள். அவ்வளவுதான் நம் வேலை.

ஐந்தாவது: இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "அந்த மாத்திரையாலதான்" என்று தாங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்களுக்கும் அதே சோதனைகள் தேவை. மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

வீட்டு ஆண்களும் குழந்தைகளும்

சிறுநீரகப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். புகைபிடித்தல், அதிக உடல் பருமன், இரத்தக் கொதிப்பு மூன்றும் இதற்குத் துணைபோகின்றன. நம் வீட்டு ஆண்கள் காப்பியில் சர்க்கரை கம்மி என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள். கொல்லையில் மண்ணில் போகிற பெரியவர்களுக்கு நிறமே தெரியாது. மங்கல் விளக்கில் பல வருஷத்துக் கறை படிந்த கழிப்பறையில் யாருக்கும் தெரியாது. நான் அக்கா வந்த பிறகு முதலில் செய்த காரியம், இரண்டு வீட்டுக் கழிப்பறையிலும் பளிச்சென்று ஒரு பல்பு மாட்டியதுதான். என் வீட்டுக்காரரிடமும், "சிவப்பாப் போனா எங்கிட்ட சொல்லணும், சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகக் கட்டி வேறு ஜாதி. 1899-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் டாக்டர் வில்ம்ஸ் பெயரால் வில்ம்ஸ் கட்டி என்பார்கள். பெரும்பாலும் ஐந்து வயசுக்குள் வரும். குளிப்பாட்டும்போதோ சட்டை போடும்போதோ வயிற்றில் ஒரு பக்கம் கெட்டியாக உருண்டிருப்பதை முதலில் கண்டுபிடிப்பது அநேகமாகத் தாயார்தான். அப்படித் தட்டுப்பட்டால் 'மாந்தம்' என்று உரை மருந்து கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். ஆளுக்கு ஆள் அழுத்தியும் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நல்ல வைத்திய வசதி உள்ள நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் போலப் பிழைத்துவிடுகிறார்கள்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் இரவு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு போச்சுன்னா மிச்சம் ஒண்ணை வெச்சுண்டு எத்தனை நாள்?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதைக் கேட்டுக்கொண்டே வந்த டாக்டர் ஒரு சங்கதி சொன்னார். 1869-ல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் குஸ்தாவ் சைமன் என்ற டாக்டர், ஒரு பெண்மணியின் சிறுநீரகங்களில் ஒன்றை முதல் முதலாகத் திட்டமிட்டு எடுத்தாராம். அந்தக் காலத்திலேயே அந்த அம்மாள் பிழைத்து எழுந்து, மனிதர் ஒரே சிறுநீரகத்தோடு வாழலாம் என்று உலகத்துக்குக் காட்டினாராம். "அப்ப எனக்கென்ன?" என்று அக்கா அன்றைக்குத் தூங்கிவிட்டார்.

இப்போது அக்கா செய்வதெல்லாம் இவ்வளவுதான். இரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். கால் வலி, தலைவலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதில்லை. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு அது ஆகாது. ஊறுகாயும் அப்பளமும் குறைந்துவிட்டன. (என் மாவடுவைக்கூட மோந்து பார்த்துவிட்டு ஜாடியை மூடிவிடுகிறார்!) டாக்டர் சொன்ன நாளில் இரத்தச் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் போகிறார்.

டாக்டரம்மாவின் பதிலை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் சமையலறையில் வைத்து, "அந்தச் சீட்டுல அப்பவே இருந்தது அக்கா. நான்தான் படிக்கலை" என்று சொல்லிவிட்டேன். அக்கா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நானுந்தான் படிக்கலை. என் ஒடம்பு, என் சீட்டு. சரி, அந்தக் கத்தியை எடு" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் மளிகை நோட்டு தனி. ஆணியில் ஒரு துணிப்பை மாட்டியிருக்கிறது. வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கவர். எந்தச் சோதனைச் சீட்டு வந்தாலும் தேதி போட்டு அதற்குள். டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினால் கவரும் கூடவே கிளம்பும். பழைய புடவைக் கரையில் அந்தப் பையைத் தைக்கும் விதத்தை அடுத்த இதழில் அளவோடு எழுதுகிறேன். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலும் அரிசி டப்பாவுக்கு அடியிலும் மடித்து வைத்திருக்கும் சீட்டுகளை எடுத்து, ஒரு தடவை கீழ்வரி வரைக்கும் படித்துப் பாருங்கள்.